வழக்கு என்னும் வாய்ப்பூட்டு

பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், தேயிலை மலைகளின் நடுவே அமைந்துள்ள சிறு நகரம் லுணுகலை. ஹொப்டன், அடாவத்தை முதலிய தோட்டங்களின் மக்கள் சந்தைக்கும் வைத்தியத்திற்கும் நாடிவரும் ஊர் அது. 2021 மார்ச் 20ஆம் திகதி காலை, இவ்வூரிலிருந்து கொழும்பை நோக்கிப் புறப்பட்ட தனியார் பஸ் வண்டியொன்று பசறை 13ஆம் கட்டைப் பகுதியிற் பள்ளத்தில் வீழ்ந்தது. பத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் பலியாயின. மலையிலிருந்து சரிந்த பாறையொன்று அகற்றப்படாது அவ்விடத்தில் வீதியின் ஒரு பகுதியை மறித்துக் கிடந்தமை, விபத்தின் பின்னரே நாடறிந்த செய்தியாயிற்று.

விபத்தின் பொறுப்பு எவருடையதென்று தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அது எழுப்பும் வினா வேறு. மலைப்பாதையிற் பாறை கிடப்பதை முதலிற் காண்பவர் பொறியியலாளர் அல்லர். அவ்வழியே நாளும் போய்வரும் தொழிலாளியும் மாணவியும் சாரதியுமே. இதே மாவட்டத்தின் கொஸ்லந்தையில் மீரியபெத்தை லயன்கள் 2014 ஒக்டோபர் 29இல் மண்ணுள் புதையுண்டபோதும் நிலைமை இதுவே. அம்மலை ஆபத்தானதெனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தமை பின்னர் வெளிவந்தது. எச்சரிக்கை தாளில் இருந்தது. அதனை உரியவர் செவியில் ஓயாது அறையும் பலம் அம்மக்களிடம் இருக்கவில்லை. கண்ணுக்கு முன்னே தெரியும் ஆபத்தை, ஊழலை, அநீதியைப் பொதுமக்கள் பெயர் சொல்லிக் கூற இயலுமா? கூறினால் அவர்களுக்கு என்ன நேரும்? ஒரு நாட்டின் சனநாயகத்தை அளப்பதற்கு இதைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை.

இவ்வினாவிற்கு அச்சுறுத்தும் விடையொன்றை உலகெங்கும் செல்வர்களும் அதிகாரத்தினரும் கண்டுபிடித்துள்ளனர். பழைய விடை தடியும் துப்பாக்கியும். புதிய விடை நாகரிகமானது, முத்திரையிடப்பட்டது, கறுப்பு அங்கி அணிந்தது. அதுவே வழக்கு.

வெல்லுவதற்காகத் தொடுக்கப்படாத வழக்கு

1980களில் அமெரிக்காவின் டென்வர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சட்டப் பேராசிரியர் ஜோர்ஜ் பிரிங், சமூகவியலாளர் பெனலோப்பி கனன் ஆகிய இருவரும் விசித்திரமானதொரு வழக்குவகையை ஆராய்ந்தனர். நகரசபைக்கு மனு எழுதியவர், கழிவு கொட்டுவதை எதிர்த்துக் கூட்டம் கூட்டியவர், அதிகாரியைப் பற்றி முறையிட்டவர் ஆகியோர்மீது அவதூறு, வியாபார நட்டம் என்ற பெயர்களிற் பெருந்தொகை கோரி வழக்குகள் தொடுக்கப்பட்டிருந்தன. அவ்வழக்குகளிற் பெரும்பாலானவை இறுதியில் தோற்றன. ஆயினும் தொடுத்தவர் நோக்கம் நிறைவேறியது. ஏனெனில், வழக்கு முடியுமுன்னரே எதிராளி களைத்தான், அயலவர் அஞ்சினர், பொதுப் பிரச்சினை மறக்கப்பட்டது. இவ்வகை வழக்கிற்கு அவர்கள் சூட்டிய ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்கள் சேர்ந்து 'ஸ்லாப்' என ஒலிக்கின்றன. கன்னத்தில் அறைதல் என்பது அவ்வொலியின் பொருள். தமிழில் இதனை வாய்ப்பூட்டு வழக்கு என்பதே பொருத்தம்.

இலண்டனில் நடந்த வழக்கொன்று இதன் இயல்பை நன்கு காட்டும். பன்னாட்டு உணவு நிறுவனமாகிய மக்டொனால்ட்ஸைக் கண்டிக்கும் துண்டுப்பிரசுரம் தொடர்பாக 1990இல் அந்நிறுவனம் சிலர்மீது அவதூறு வழக்குத் தொடுத்தது. ஏனையோர் மன்னிப்புக் கோரி விலக, ஹெலன் ஸ்டீல், டேவிட் மொரிஸ் என்னும் வசதியற்ற இருவர் மட்டும் வழக்கறிஞரின்றித் தாமே வாதாடினர். 313 நாட்கள் விசாரணை நடந்தது. 1997இல் வந்த தீர்ப்பு சில கூற்றுக்களை உண்மையென ஏற்று, பிறவற்றிற்கு நட்டஈடு விதித்தது. அவதூறு வழக்கிற் சட்ட உதவி மறுக்கப்பட்டமை நீதியான விசாரணைக்கும் பேச்சுரிமைக்கும் விரோதமானதென ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2005இல் தீர்த்தது. நீதி வந்தது உண்மை. அது வந்து சேரப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. அந்த இருவரைப் போல் எத்தனை பேர் நிலைத்து நிற்பர்? விலகிச் சென்றோரே பெரும்பான்மையினர் என்பதை மறத்தலாகாது. வாய்ப்பூட்டு வழக்கு குறிவைப்பது அப்பெரும்பான்மையினரையே.

மோல்ட்டாவின் பத்திரிகையாளர் டப்னி கருவானா கலிசியா 2017 ஒக்டோபரிற் குண்டுவைத்துக் கொல்லப்பட்டார். அன்று அவர்மீது நாற்பதுக்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள் நிலுவையில் இருந்தன. அவற்றுட் பல அவர் மரணத்தின் பின்னரும் குடும்பத்தினரைத் தொடர்ந்தன. இறந்தவரையும் நீதிமன்றிற்கு அழைக்கும் வழக்கு உண்மையைத் தேடும் வழக்காகுமா?

மலையகத்தின் பழைய பாடம்

'இவையெல்லாம் மேனாட்டுக் கதைகள். எமது மலைகளுக்கு இவை எட்டா' என்று எவரேனும் கூறுவாராயின், அவர் தோட்டங்களின் வரலாற்றைக் கல்லாதவர். சட்டத்தை வாய்ப்பூட்டாக்கும் கலை மலையகத்தில் நூற்றாண்டு பழையது.

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின்கீழ், வேலையை விட்டு விலகுதலும் கீழ்ப்படிய மறுத்தலும் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பும் குற்றங்களாயின. துரையோடு முரண்படுவது கருத்து வேற்றுமையன்று, குற்றம். கடன் தீர்ந்ததெனச் சான்றுரைக்கும் 'துண்டு' கையிலின்றி வேறு தோட்டத்தில் வேலை பெற இயலாது. அம்முறை ஒழிந்தது 1921இல். அதன்பின் வந்தது அத்துமீறற் குற்றச்சாட்டு. தோட்டம் தனியார் நிலம். ஆதலால் தொழிலாளியைக் காண வரும் தொழிற்சங்கவாதி அத்துமீறுபவன். கோ. நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுள் நுழைந்தாரென இன்றும் வியந்து பேசப்படுகின்றது. வியக்க வேண்டியது அவர் வேடத்தை அன்று. ஒருவர் தம் மக்களோடு பேச வேடமிட வேண்டியிருந்த சட்டநிலையையே.

1946இல் கேகாலைப் பகுதியின் நேவ்ஸ்மியர் தோட்டம் கிராம விஸ்தரிப்புக்கென அரசினாற் கையேற்கப்பட்டு, தொழிலாளருக்கு வெளியேறும்படி அறிவித்தல் கொடுக்கப்பட்டது. வேறு வீடற்ற அவர்கள் வெளியேற மறுத்தனர். இலங்கை இந்தியன் காங்கிரஸ் வேலைநிறுத்தத்திற்கு அழைப்பு விடுத்தது. பதிலாக வந்தது குற்றவியல் வழக்கு: பிறந்து வளர்ந்த லயத்தில் இருந்ததே அத்துமீறற் குற்றமாயிற்று. செல்வநாயகம் எதிர் மன்னர் எனச் சட்ட அறிக்கைகளில் இடம்பெறும் வழக்கு இதுவே. தன் வீட்டைக் காத்துக்கொள்ளும் எண்ணம், பிறரைத் தொல்லைப்படுத்தும் எண்ணமாகாதென இலண்டன் பிரிவிக் கவுன்சில் தீர்த்தது 1950இல். தொழிலாளி வென்றான், ஆனால் அவ்வெற்றிக்கு நான்காண்டுகளும் ஒரு கடற்பயணத் தூரமும் தேவைப்பட்டன. அவன் வென்ற செய்தி எத்தனை லயங்களுக்கு எட்டியது? அவன் கூண்டில் நின்ற செய்தி மட்டும் எல்லா லயங்களுக்கும் எட்டியிருக்கும்.

இவ்வழக்குகள் இன்று பேசப்படும் அவதூறு வழக்குகளோடு வடிவில் ஒத்தவை அல்ல. பயனில் ஒத்தவை. இரண்டும் கற்பிக்கும் பாடம் ஒன்றே: 'வாயைத் திறந்தால் வழக்கு வரும்.' இப்பாடம் மலையகத்திற் பாட்டனிடமிருந்து பேரனுக்குச் சொத்தாக வந்துள்ளது. ஆகவே இங்கே வழக்கைத் தொடுக்கவும் வேண்டுவதில்லை. ஒரு சட்டத்தரணியின் கடிதமே போதும்.

ஒரு கடிதத்தின் விலை

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்க. லுணுகலையை அடுத்த தோட்டமொன்றில் வாழும் இளைஞன், தன் லயத்திற்குச் செல்லும் பாதையின் வேலை ஒழுங்காகச் செய்யப்படவில்லையென ஒப்பந்தக்காரரின் பெயர் குறித்துப் பிரதேச சபைக்கு எழுதுகின்றான், படங்களையும் வெளியிடுகின்றான். இரு வாரங்களிற் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வருகின்றது. ஒரு கோடி ரூபா நட்டஈடு. பதினான்கு நாள் தவணை. தவறின் பதுளை மாவட்ட நீதிமன்றில் வழக்கு.

2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம், தோட்டத் தொழிலாளரின் 1,350 ரூபா நாட்சம்பளத்தை 1,550 ரூபாவாக உயர்த்துவதாக அறிவித்தது. அவ்வுயர்ந்த கணக்கின்படியே பார்ப்பினும், ஒரு கோடி ரூபா என்பது 6,451 நாட்களின் கூலி. ஆண்டுக்கு முந்நூறு நாள் வேலை கிடைப்பினும், உண்ணாது உடுக்காது இருபத்தொரு ஆண்டுகளுக்கு மேல் உழைக்க வேண்டும். அத்தொகை எக்காலத்திலும் கிடைக்காதென்பது கடிதம் எழுதியவருக்கு நன்கு தெரியும். கிடைக்க வேண்டியது பணமன்று, மௌனம்.

இனி மொழியைக் கவனிக்க. கடிதம் ஆங்கிலத்தில் இருக்கும். வழக்கு வந்தால், அரசியலமைப்பின்படி வடக்குக் கிழக்கு நீங்கலான மாகாணங்களில் நீதிமன்ற ஏடு சிங்களத்திற் பேணப்படும். வழக்காளிக்குத் தமிழில் எழுத்துரை சமர்ப்பிக்கவும் மொழிபெயர்ப்புப் பெறவும் அதே அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உரிமை வழங்குகின்றது. ஆனால் அவ்வுரிமையைக் கேட்டுப் பெறுவதற்கும் ஒருவர் துணை வேண்டும். கடிதம் ஆங்கிலம், ஏடு சிங்களம், வாய் தமிழ். பசறை கடந்து பதுளைக்குப் போகும் ஒவ்வொரு தவணையிலும் ஒரு நாட்கூலி இழப்பு, பஸ் கட்டணம், சட்டத்தரணிக்குக் கட்டணம். வீட்டிலே தாயின் கண்ணீர்: 'ஒனக்கு ஏன்டா இந்த வேல?' அவ்வளவில் வழக்கு முடிந்தது. நீதவான் எவரும் தீர்ப்பளிக்கவில்லை, தாயே தீர்ப்பளித்துவிட்டாள். அவளைக் குறை கூற எவருக்கு உரிமையுண்டு?

இத்தகைய நிலையில், 'உவாத் தோட்டங்களில் இவ்வாறான வழக்குகள் எத்தனை பதிவாகின?' என்று கணக்குக் கேட்போர் உளர். பதிவான வழக்குகளை எண்ணலாம். எழுதப்படாத முறைப்பாடுகளை எவ்வாறு எண்ணுவது? வழக்கின்மை சுதந்திரத்தின் அடையாளமன்று. அச்சம் நன்கு வேலை செய்கின்றதென்பதற்கும் அதுவே அடையாளமாகலாம்.

மறுப்புரைகளும் விடைகளும்

'நீதிமன்றை நாடுவது எவருக்கும் உரிமை; செல்வருக்கு மட்டும் அதனை மறுப்பதா?' என்பது முதலாவது மறுப்பு. மறுக்க வேண்டியதில்லை. பெருந்தோட்ட நிறுவனங்கள் 2021இல் ஆயிரம் ரூபா நாட்சம்பள வர்த்தமானியை எதிர்த்து மேன்முறையீட்டு நீதிமன்றிற்குச் சென்றன. 2024இல் 1,700 ரூபா வர்த்தமானியையும் எதிர்த்தன. அவ்வாண்டு ஜூலையில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் 1,350 ரூபா நிர்ணயிக்கப்பட்டது. இவை வாய்ப்பூட்டு வழக்குகள் அல்ல. அரசின் ஆணையொன்று சட்டப்படி சரியா என்ற வினாவை எழுப்பிய வழக்குகள். அவ்வாறு கேட்பதைத் தடுக்கக் கூடாது. ஆயினும் அவை ஓர் உண்மையைப் புலப்படுத்தின. நீதிமன்றிற் கழியும் காலம் நிறுவனத்திற்கு இலாபம். கூடையைச் சுமப்பவளுக்கு நட்டம். வழக்கு என்ற ஆயுதம் இரு தரப்பினரின் கையிலும் ஒரே நிறையுடையதன்று. அரசோடு நிறுவனம் மோதும்போதே இவ்வாறெனின், தனியாளோடு நிறுவனம் மோதும்போது கூறவும் வேண்டுமோ?

'நற்பெயர் மனிதனின் உரிமையன்றோ? வாய்க்கு வந்தபடி ஏசுவோரைத் தண்டிக்க வேண்டாமா?' என்பது இரண்டாவது மறுப்பு. நியாயமானதே. அறிந்தே பொய் கூறுபவன் பொதுநலத் தொண்டனல்லன்; அவனுக்குப் பரிந்துபேசத் தேவையில்லை. ஆனால் பொது அலுவலையும் பொதுப் பணத்தையும் ஏற்பவர், அவ்வளவிற்குப் பொது விமர்சனத்தையும் ஏற்கக் கடமைப்பட்டவர். 1994இல் தமிழகத்தின் 'நக்கீரன்' இதழ் தொடர்பான ராஜகோபால் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் இவ்வேறுபாட்டைத் தெளிவாக வரைந்தது. பொது அலுவலர் தம் கடமை தொடர்பான விமர்சனத்திற்கு நட்டஈடு பெற வேண்டுமாயின், கூற்றுப் பொய்யென்பதோடு, உண்மையைப் பொருட்படுத்தாது வெளியிடப்பட்டதென்பதையும் அவர் நிறுவவேண்டும். நற்பெயரும் காக்கப்படுகின்றது, நாவும் காக்கப்படுகின்றது.

'பொய் வழக்காயின் நீதிமன்றமே தள்ளிவிடுமே, அஞ்சுவானேன்?' என்பது மூன்றாவது. இதுவே மிகவும் கபடமானது. தள்ளும், எப்போது? ஐந்தாண்டின் பின் தள்ளப்படும் வழக்கு, ஐந்தாண்டுத் தண்டனையை நிறைவேற்றிய பின்னரே தள்ளப்படுகின்றது. 2024இல் புளூம்பேர்க் செய்தி நிறுவனத்தின் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் இவ்வகை வழக்குகளைப் பெயர் சுட்டியே குறிப்பிட்டு, விசாரணைக்கு முன்னர் வெளியீட்டைத் தடைசெய்வதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டுமெனக் கீழ் நீதிமன்றங்களுக்கு உணர்த்தியது. நடைமுறையே தண்டனையாவதை நீதிபதிகளே உணர்ந்துள்ளனர். உணராதவர் போல் நடிப்போர் சட்டமியற்றுவோரே.

செய்யத்தக்கவை

கலிபோர்னியா மாநிலம் 1992இல் இதற்கெனச் சட்டம் இயற்றியது. பொது விடயத்திற் பேசியமைக்காக வழக்கிடப்பட்டவர் ஆரம்பத்திலேயே நீதிமன்றை நாடலாம். தம் வழக்கு வெல்லத்தக்கதென வழக்காளி காட்டவேண்டும். இயலாவிடின் வழக்கு வாசலிலேயே நின்றுவிடும். எதிராளியின் செலவையும் அவரே செலுத்துவார். இது செல்வந்த நாடுகளுக்கு மட்டும் உரியதென எண்ணற்க. பிலிப்பைன்ஸின் உச்ச நீதிமன்றம் சுற்றாடல் வழக்குகளுக்கான தன் விதிகளில் 2010இலேயே இப்பாதுகாப்பைச் சேர்த்தது. ஐரோப்பிய ஒன்றியமும் 2024இல் இத்தகைய பணிப்பாணையை நிறைவேற்றியது.

இலங்கை என்ன செய்தது? 2002இற் குற்றவியல் அவதூறு நீக்கப்பட்டது, பாராட்டத்தக்கது. 2016இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது, அதுவும் பாராட்டத்தக்கது. ஆனால் பெற்ற தகவலை வெளியிட்டவன்மீது கோடிகள் கோரும் சிவில் வழக்கை வாசலில் நிறுத்தும் தனிச்சட்டம் இல்லை. 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ, பேசுவோர்க்குக் காப்பளிப்பதற்கு மாறாகப் 'பொய்யான கூற்று' எதுவெனத் தீர்மானிக்கும் அதிகாரத்தை ஆணைக்குழுவொன்றின் கையிற் கொடுத்தது. அறிவதற்கு உரிமை, அறிந்ததைக் கூற அச்சம். இஃது அரைக்கதவு திறந்த சனநாயகம்.

முழுக்கதவு திறக்கும்போது நிகழ்வது யாது? சுன்னாகத்தின் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை தொடர்பாகச் சூழலியலாளர் ஒருவர் தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில், மின்னுற்பத்தி நிறுவனம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமென உயர் நீதிமன்றம் 2019இல் தீர்த்தது. குடிநீரிற் கலந்த எண்ணெயை முதலிற் கண்டவர்கள் அக்கிணற்றில் நீர் அள்ளியவர்கள். அவர்கள் வாய் திறந்திருக்காவிடின் அத்தீர்ப்பும் இல்லை. நீதிமன்றம் நலிந்தோரின் புகலிடமாகவும் இருக்கக்கூடும் என்பதற்கு இது சான்று. அப்புகலிடத்தை வேட்டைக்காடாக்க எவரையும் அனுமதிக்கலாகாது.

ஆகவே கோரப்பட வேண்டியவை மூன்று. பொது விடயத்திற் பேசியோர்மீதான ஆதாரமற்ற வழக்கை ஆரம்பத்திலேயே தள்ளும் அதிகாரத்தை நீதிமன்றங்களுக்கு வழங்கும் சட்டம் வேண்டும். அவ்வாறு தள்ளப்படும் வழக்கின் முழுச் செலவும் வழக்காளியின் தலையில் விழ வேண்டும். 1978இன் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு, இத்தகைய வழக்கில் எதிராளியாக நிற்கும் வறியோருக்கும் அவர்தம் மொழியிலேயே துணைபுரிய வேண்டும்.

சட்டம் வரும்வரை என் செய்வது? இங்கே பல்கலைக்கழகத்தினர் தம்மைத் தாமே வினவவேண்டிய வினாவொன்றுண்டு. மலையகத்தின் லயங்களிலிருந்து பல்கலைக்கழகத்தின் வாயிலைக் கடந்தோர் தொகை முன்னரிலும் பெருகியுள்ளது. அவர்களுட் பலர் ஆண்டுதோறும் மலையகத்தின் துயர் பற்றிக் கட்டுரைகள் வரைகின்றனர்; கருத்தரங்குகள் கூட்டுகின்றனர்; கைதட்டலும் பெறுகின்றனர். ஆனால் லுணுகலையில் ஒருவன் கையில் ஆங்கிலக் கடிதத்தோடு நிற்கும்போது, அதனை வாங்கித் தமிழிற் படித்துக் காட்ட, 'இது தீர்ப்பன்று, ஒரு கட்சியின் கோரிக்கை மட்டுமே. அஞ்சாதே' என்று கூற, அவனோடு பதுளை வரை பஸ்ஸிற் செல்ல எத்தனை பேர் உளர்? சட்டபீட மாணவர் அறிவும் கலைப்பீட மாணவர் மொழித்திறனும் சேரின், விடுமுறைக் காலத்தில் ஊருக்கோர் உதவி மேசை அமைப்பது இயலாத காரியமன்று. தகவல் உரிமை விண்ணப்பம் எழுதுவது எவ்வாறு, வெளியிடுமுன் உண்மையைச் சரிபார்ப்பது எவ்வாறு எனக் கற்பிப்பதும் அம்மேசையின் பணியாகலாம். ஆதாரத்தோடு பேசுபவனை மிரட்டுவது கடினம். பலர் சேர்ந்து ஒப்பமிட்ட கடிதத்திற்கு எதிராக வழக்குத் தொடுப்பது அதனினும் கடினம்.

தனியொருவன் பேசினால் அவன் எதிராளி. ஊர் பேசினால் அது பொதுசன அபிப்பிராயம். வாய்ப்பூட்டு வழக்கின் உயிர்நிலை, பேசுபவனைத் தனிமைப்படுத்துவதில் உள்ளது. அத்தனிமையை நீக்குவது பாராளுமன்றத்தின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டிய செயலன்று.

மலைகள் இனியும் சரியும். பாறைகள் இனியும் வீதியில் விழும். அவற்றை முதலிற் காணும் தொழிலாளி, 'எனக்கேன் வம்பு' என்று விலகிப் போவானாயின், அக்குற்றம் அவனுடையதன்று. அவன் வாயைப் பூட்டியவர்களுடையது. அப்பூட்டைக் கண்டும் வாளாவிருந்த படித்தவர்களுடையது.